காலையில் எழாத பென்டிரைவ்

"அக்கா, ஒரு பென்டிரைவ் சாயங்காலம் நல்லா வேலை செய்யுது, காலையில மட்டும் எந்திரிக்க மாட்டேங்குது. இது கேஸா, எங்க சின்ன மச்சானா?"

ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து ஹஸ்ஸான் கேட்டான். ஓட்டிக்கொண்டிருந்த சத்யப்பிரியா ஹாரனை அழுத்தினாள். பதில் தேவைப்படாத கேள்விகளை மட்டுமே அவன் கேட்பான் என்பது அவள் கருத்து. சம்பளம் கேட்டாலும் அவள் அப்படித்தான் நினைக்கிறாள் என்பது அவன் கருத்து.

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் மருந்துக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள் சத்யப்பிரியா. ஹஸ்ஸான் அவளுடைய உதவியாளன். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி ஒரே கேஸ்தான். பெண்ணுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை நிலக்கரிக் கம்பெனியில் பெர்மனென்ட்டா, கான்ட்ராக்டா? இன்றைக்குத்தான் மாறுதலாக, ஹஸ்ஸானின் மாமா ஹபீப் முகமது மூலம் ஒன்று வந்திருக்கிறது. ஹபீப் முகமது பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்.

"உங்க மாமாவே போயிருக்கலாம்ல?"

"பரங்கிப்பேட்டையில கல்யாணம். பிரியாணிக்கு உட்கார்ந்துட்டா மாமா போனை எடுக்க மாட்டார்."

"மணி இன்னும் பத்துகூட ஆகலையே."

"அவர் காலையிலயே மனசளவுல உட்கார்ந்துட்டாருக்கா."

வடக்குத்து கிராமம் வந்தது. புது வீடு. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. கேட்டுக்குள்ளே, வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஒருவர் கைகளைப் பின்னால் கட்டி நின்றிருந்தார். அவர்தான் கிறிஸ்துதாஸ். அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனது கம்பெனிக்குத் தெரியும். அவருக்கு இன்னும் யாரும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

"பேரு?"

"சத்யப்பிரியா. ஹபீப் பாய் சொன்னாருங்களே..."

"ஐடி கார்டு?"

கொடுத்தாள். போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஹஸ்ஸானிடம் கை நீட்டினார்.

"எனக்கு கார்டு இல்ல சார். மேடம் இன்னும் என்னைப் பெர்மனென்ட் பண்ணலை."

"அப்போ எஸ்கார்ட்டோட மட்டும் உள்ளே வா," என்றார் அவர், சிரிக்காமல்.

ஹஸ்ஸானுக்கு முதல்முறையாகத் தன் தொழிலில் ஒரு போட்டியாளரைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஹாலில் ஒரு மூலையில் கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில் நாற்காலியின் நுனியில் மகள் சோபியா. எதிர் மூலையில் வேளாங்கண்ணி மாதா சுரூபம், அதன் காலடியில் குட்டியாக ஒரு சிவப்பு பல்பு. வாசற்படிக்கு அருகில் இன்னொரு ஆள், நைட் ஷிப்ட் போய்வந்த யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தான். மகன் ஆல்பின். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை.

"பையில என்ன?" என்று கேட்டாள் சத்யப்பிரியா.

"என் துணிங்க. அப்பா தீர்ப்பு சொன்னதும் கிளம்பணும்ல."

கிறிஸ்துதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

சோபியாவுக்கு இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஆன்லைனில் தேர்வு. ஓசூர் கம்பெனி ஒன்றில் வேலை. தேர்வு நடத்துகிறவர்களுடைய சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் ஓடாது. புது விண்டோஸ் ஏற்ற வேண்டும். அதற்காக ஹபீப் முகமது பென்டிரைவ் தயார் பண்ணிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைப் பார்க்காமல் அந்தப் பென்டிரைவைப் பார்த்து எழுந்தால், அதற்குப் பிறகு வேலை தானே நடக்கும்.

"முதல் நாள் சாயங்காலம் ஹபீப் வந்தார். உள்ளே செட்டிங்ல, முதல்ல பென்டிரைவ்தான்னு மாத்தினார். கரெக்டா எழுந்துச்சு. இன்ஸ்டால் பண்ணவான்னு வந்து நிக்குது."

"பண்ண வேண்டியதுதானே சார்?" என்றான் ஹஸ்ஸான்.

கிறிஸ்துதாஸ் அவனை ஹெல்மெட் இல்லாமல் பாய்லர் பக்கம் வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ட்ரையல் வேற, ஓவர்ஹால் வேற தம்பி. பெரிய வேலையை பர்ஸ்ட் ஷிப்ட்லதான் ஆரம்பிக்கணும். சாயங்காலம் ட்ரையல் ஓகே. ஷட்டவுன். காலையில ஆரம்பிச்சோம். பென்டிரைவைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. பழைய விண்டோஸ் வந்து உட்கார்ந்துகிச்சு."

"ரெண்டாவது நாள்?"

"ஹபீப் மறுபடி சாயங்காலம் கடையை மூடிட்டு வந்தார். ட்ரையல் ஓகே. காலையில மறுபடி அதே கதை. நேத்து மூணாவது தடவை செட் பண்ணிக் கொடுத்துட்டுத்தான் கல்யாணத்துக்குப் போனார்."

"கடைக்கே தூக்கிட்டுப் போயிருந்தா..."

"ஒருதரம் மிக்ஸியைக் கடைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது வேற மிக்ஸி. மெஷின் சைட்டை விட்டு வெளியே போகாது."

"அதனால?"

"அதனால ராத்திரி யாரோ செட்டிங்கை மாத்துறாங்க. இந்த வீட்டுல கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். சோபியா ஓசூர் போக வேண்டாம்னு சொன்னவனும் ஒருத்தன்தான். ரெண்டும் ஒரே ஆள்."

ஆல்பின் பையை இறுக்கிக்கொண்டான். "தனியா ரூம் எடுத்துத் தங்குறது கஷ்டம்னு சொன்னேன். போகாதன்னு சொல்லலை."

"ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?"

"ராத்திரி பூரா தூங்காதவன்கிட்ட கேக்குற கேள்வியாப்பா இது?"

சத்யப்பிரியா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பார்த்தவள் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பிளக் பாயின்ட் சுவிட்ச் மேல் பிளாஸ்டர். கம்ப்யூட்டர் பெட்டியின் பவர் பட்டன் மேல் பிளாஸ்டர். பென்டிரைவ் சொருகும் இடம், கீபோர்டு, எல்லாவற்றின் மேலும் பிளாஸ்டர். ஒவ்வொன்றின் குறுக்கேயும் நீல மையில் கையெழுத்து.

"நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு நானே சீல் வச்சேன். பிறகு யாரும் தொடலை. உங்க முன்னாடிதான் உடைக்கணும்னு இருக்கேன்," என்றார் கிறிஸ்துதாஸ்.

"அப்பா, இன்ஸ்டால் பண்ணவே ஒரு மணி நேரம் ஆகும். முதல்ல அதை ஆரம்பிச்சுட்டு ஆளைத் தேடலாம்பா," என்றாள் சோபியா.

"ஆக்சிடென்ட் நடந்த இடத்தைக் கலைக்கக் கூடாது. ஆளைப் பிடிச்சப்புறம்தான் மெஷின்ல கை வைக்கலாம்."

"பரீட்சை போயிடும்பா!"

"பிடிச்சுடுவாங்க," என்று சத்யப்பிரியாவைக் காட்டினார் அவர். அவளுக்கே அந்த நம்பிக்கை கொஞ்சம் புதிதாக இருந்தது.

"முதல்ல பென்டிரைவை விசாரிப்போம்," என்றாள் அவள். "ஹஸ்ஸான், லேப்டாப்."

சீலை உடைத்துப் பென்டிரைவை எடுத்து ஹஸ்ஸான் தன் லேப்டாப்பில் சொருகி ஆன் பண்ணினான். நீலத் திரை வந்தது. எந்த மொழி வேண்டும் என்று பணிவாகக் கேட்டது.

"நிரபராதி மேடம். விடுதலை பண்ணிடலாம்."

"இன்னொரு பென்டிரைவ் மேசையில கிடக்கே, அது யாருது?"

சோபியா தலையைக் குனிந்தாள். "நான் முதல்ல தயார் பண்ணினது. ஃபைலை டவுன்லோடு பண்ணி அப்படியே காப்பி பண்ணிட்டேன். அப்படிப் பண்ணக் கூடாதாம்."

"இட்லி மாவை அப்படியே தட்டுல வச்ச மாதிரி ஆயிருக்கும்," என்றான் ஹஸ்ஸான். "ஊத்தி வேக வைக்கணும்ங்க. அதுக்குத் தனியா ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. எங்க மாமாவும் முதல் தடவை மாவைத்தான் வச்சாரு. வெளியே சொல்லாதீங்க."

சோபியா சிரிக்கப் போனவள் அப்பாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பென்டிரைவ் பழைய இடத்துக்குப் போனது. கிறிஸ்துதாஸ் தானே முன்வந்து மற்ற சீல்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, "இன்டாக்ட்... இன்டாக்ட்..." என்று அறிவித்துவிட்டு உரித்தார். கையெழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பிளக் சுவிட்ச் நேற்று போட்டபடியே ஆனில் இருந்தது. சோபியா பவர் பட்டனை அழுத்தினாள்.

கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக மூன்று வரி இங்கிலீஷ். சோபியாவின் விரல் அடுத்த நொடியே கீபோர்டின் மேல்வரிசைக்குப் பாய்ந்தது.

சத்யப்பிரியா அந்தக் கையைப் பிடித்தாள்.

"எங்கம்மா இவ்வளவு அவசரம்?"

"எஃப் ஒன் அமுக்கணும்ங்க. கடைசி வரியில போட்டிருக்கு பாருங்க."

"மேலே ரெண்டு வரி இருக்கே. அது என்ன?"

சோபியா முழித்தாள். "படிச்சதில்லைங்க. இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து தினமும் காலையில வருது. எஃப் ஒன் அமுக்கினா போயிடும். சாயங்காலம் போட்டா வராது."

"ஹபீப் பாய் வந்தது?"

"சாயங்காலம்."

"அதனால அவர் இதைப் பார்த்ததே இல்லை." சத்யப்பிரியா கையை விடவில்லை. "ஹஸ்ஸான், மேல் வரியைத் தமிழ்ல சொல்லு."

ஹஸ்ஸான் குனிந்து படித்தான். "தேதி தெரியலை, செட்டிங் தெரியலை, எனக்கு எதுவுமே தெரியலைங்குது மேடம். கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரி."

"உள்ளே போ. எதையும் மாத்தாதே. காட்டு மட்டும்."

அவன் செட்டிங் பக்கத்தைத் திறந்தான். முதலில் பார்க்க வேண்டியது என்ற இடத்தில் பென்டிரைவ் இல்லை, ஹார்டு டிஸ்க் இருந்தது. கிறிஸ்துதாஸ் ஆல்பினைத் திரும்பிப் பார்த்தார். "சீல் வச்சும் மாத்தியிருக்கான்! வைஃபைல பண்ணியிருப்பான்."

"வைஃபைல இதைப் பண்ணத் தெரிஞ்சா நான் ஏன்பா மைன்ஸுக்குப் போறேன்?"

ஆல்பின் எழுந்துவிட்டான். பை தோளுக்கு ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து டீ டம்ளர்களோடு வந்தாள் அவர்களுடைய அம்மா மேரிசெல்வி. காடாம்புலியூர்ப் பெண். எத்தனை வருஷம் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தும் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை.

"எங்கடா கெளம்பிகினு நிக்கிற? டீயைக் குடி. ஏங்க, புள்ளய ராத்திரி பூரா வேலை செஞ்சிட்டு வந்தவனை இப்படி நிக்க வச்சிகினு கீறீங்களே, இந்த வூட்டுக்கு வந்ததுல இருந்து ஒண்ணும் சரியில்லம்மா," என்று கடைசிப் பாதியை சத்யப்பிரியாவிடம் திருப்பினாள். "மாதாவே நம்மள வுட்டுட்டுப் போயிட்டாங்களோன்னு இருக்குது."

"ஏங்கம்மா?"

"ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா, மாதா கால்மாட்டு பல்பு அணைஞ்சி கெடக்குது. காலையில வந்து பார்த்தா எரிஞ்சிகினு இருக்குது. இவரு ரெண்டு பல்பு மாத்திட்டாரு. அப்பவும் அதே கதைதான்."

"லூஸ் கான்டாக்ட்," என்றார் கிறிஸ்துதாஸ்.

சத்யப்பிரியா டீயை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். "சார், இதுல தேதி என்ன போட்டிருக்கு?"

"ஜனவரி ஒண்ணு. ஏதோ பழைய வருஷம்."

"மணி?"

"நாலு பத்து."

"நம்ம மணி?"

கிறிஸ்துதாஸ் வாட்சைப் பார்த்தார். "பத்து பத்து."

"புத்தாண்டுக் கேக் மிச்சம் இருக்கா மேடம்?" என்றான் ஹஸ்ஸான். சத்யப்பிரியா அவனைத் தாண்டிக் கிறிஸ்துதாஸைப் பார்த்தாள்.

"செட்டிங்கை மாத்துற ஆள் எதுக்கு சார் தேதியை மாத்தணும்? யாரும் எதையும் மாத்தலை. இது மறந்துபோச்சு. இந்தப் பெட்டிக்குள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கு. வெளிக் கரண்ட் நின்னாலும் தேதி, செட்டிங் எல்லாத்தையும் அதுதான் ஞாபகம் வச்சுக்கும். அது எப்பவோ செத்துப்போச்சு. அதனால கரண்ட் நின்னா இதுக்கு எல்லாமே மறந்துபோகும். ஹபீப் பாய் சொல்லிட்டுப் போனதும் சேர்த்து."

"அதெப்படி? குவார்ட்டர்ஸ்ல அத்தனை வருஷம் இருந்துச்சு, ஒரு நாள் மறக்கலையே?"

"குவார்ட்டர்ஸ்ல கரண்ட் எப்போ சார் நின்னுச்சு?"

"நிக்கிறதா?" கிறிஸ்துதாஸின் நெஞ்சு நிமிர்ந்தது. "நாங்க இருக்கும்போதா?"

"அதான். அங்க பேட்டரி செத்தது யாருக்கும் தெரியலை. இங்க தெரிஞ்சுபோச்சு."

அவர் முகம் பளிச்சென்றானது. "அப்போ ஈபிகாரன் வேலை! ராத்திரியில கட் பண்றான். அப்பவே சொன்னேன், இந்தக் கரண்டை நம்ப முடியாதுன்னு!"

ஆல்பின் பையை இறக்கப் போனான்.

"ஈபி கட் பண்ணினா தெரு பூரா இருட்டாகும். சோபியா, ராத்திரி உன் ரூம்ல ஃபேன் நின்னுச்சா?"

"இல்லைங்க. விடிய விடிய ஓடுச்சு."

"ஆனா மாதா பல்பு அணைஞ்சது. கம்ப்யூட்டருக்கும் எல்லாம் மறந்துபோச்சு. ரெண்டும் இந்த ஹால்லதான் இருக்கு. பிளக் சுவிட்ச் மேல உங்க கையெழுத்து அப்படியே இருக்கு. அப்போ ஹாலுக்கு வர்ற லைனையே யாரோ வேற இடத்துல அணைக்கிறாங்க. எல்லா ரூம் லைனையும் அணைக்கிற எம்சிபி சுவிட்ச் பெட்டி எங்க இருக்கு?"

"உள்ளே, பாசேஜ்ல," என்றாள் சோபியா.

"அணைச்ச ஆள் திரும்பப் போட்டும் இருக்காங்க. கரண்ட் வந்ததும் இந்தக் கடிகாரம் பூஜ்யத்துல இருந்து ஓட ஆரம்பிச்சிருக்கு. நாலு மணி நேரம் பத்து நிமிஷமா ஓடுது. இது பிறந்தது காலையில ஆறு மணிக்கு."

"அப்போ நான் மைன்ஸ்ல கார்டு பஞ்ச் பண்ணிகிட்டு இருந்தேன்," என்றான் ஆல்பின் மெதுவாக.

"ஆறே காலும் இல்லை, அஞ்சே முக்காலும் இல்லை. சரியா ஆறு மணி. குறும்பு பண்றவன் நேரம் பார்த்துப் பண்ண மாட்டான் சார். ஆறு மணின்னா ஆறு மணிக்கு சுவிட்சைப் போடுறது..." சத்யப்பிரியா டம்ளரைக் கீழே வைத்தாள். "பர்ஸ்ட் ஷிப்ட் ஆரம்பிக்கிற ஆள்."

கிறிஸ்துதாஸ் தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"ராத்திரி பத்து மணிக்கு ஒரு ரவுண்ட்ஸ் போவேன்," என்றார் கடைசியில். "கேஸ் சிலிண்டர், கதவு, தண்ணி டேங்க். லோடு இல்லாத லைனை ஐசொலேட் பண்ணி அணைச்சுடுவேன். ஹால்ல ராத்திரி லோடு கிடையாது."

"மாதா லோடு இல்லியா?" என்றாள் மேரிசெல்வி.

"பாசேஜ்ல இருந்து பார்த்தா பல்பு தெரியாது செல்வி."

"ரெண்டு பல்பு மாத்தினீங்களே!"

"...தெரியாது."

"அப்போ ஆறு மணிக்கு?"

"மோட்டார் போடணும்ல. மோட்டாரும் அதே லைன். சுவிட்சைப் போட்டு லைனை சார்ஜ் பண்ணிட்டு மோட்டாரைப் போடுவேன்."

"குவார்ட்டர்ஸ்ல இப்படி அணைச்சதே இல்லியேப்பா?" என்றாள் சோபியா.

"அங்க வந்தது நம்ம கரண்டும்மா. நம்ம கையில உற்பத்தியாகி நேரா வீட்டுக்கு வர்றது. ராத்திரி அதை விட்டுட்டுத் தூங்கலாம். இது வெளிக் கரண்ட்."

ஹஸ்ஸானால் பொறுக்க முடியவில்லை. "சார், இதுவும் நெய்வேலியில எரிச்ச நிலக்கரியிலயே வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம். ஆனா ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்குல்ல தம்பி."

இதற்கு ஹஸ்ஸானிடம் பதில் இல்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படி நடப்பது இதுவே முதல் தடவை. சத்யப்பிரியா அதை ரசித்தாள் என்பது அவள் புருவத்தில் மட்டும் தெரிந்தது.

"ஆளைப் பிடிச்சாச்சுங்க," என்றாள் அவள். "மெஷின்ல கை வைக்கலாமா?"

கிறிஸ்துதாஸ் தலையை ஆட்டினார். ஹஸ்ஸான் பென்டிரைவை முதலிடத்துக்கு ஏற்றி, சேமித்து, மறுபடி ஓட விட்டான். நீலத் திரை வந்தது. சோபியா மூச்சு விட்டது வாசல்வரை கேட்டது. மொழி, ஊர் எல்லாம் சொல்லி, இன்ஸ்டால் என்று அழுத்தியதும் சதவீதம் ஓட ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு.

"இது முடியுற வரைக்கும் கரண்ட் நிக்கக் கூடாது. இப்போ பாதியில நின்னா பழைய விண்டோஸும் இருக்காது, புதுசும் இருக்காது," என்றான் ஹஸ்ஸான். "பேட்டரியை நாளைக்கு மாமா வந்து மாத்திடுவார். பிரியாணி செரிச்சதும்."

"ரிப்போர்ட் எழுதுவீங்களா?" என்று கிறிஸ்துதாஸ் சத்யப்பிரியாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"எழுதுறதா இல்லைங்க."

"எழுதலாம். தப்பு யாருதுன்னு பதிவாகணும். அதான் முறை."

"அதை என்கிட்ட சொல்லி என்ன சார் பண்றது?"

அவர் திரும்பினார். ஆல்பின் வாசற்படியில் ஒரு காலை வெளியிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்து நின்றிருந்தான். பை இன்னும் தோளில். கிறிஸ்துதாஸ் அவன் எதிரே போய் நின்றார். பேச வாயெடுத்தார். முப்பது பேருக்கு ஷிப்ட் போட்டுக் கொடுத்த கை முந்திக்கொண்டது. அவன் தோளிலிருந்து பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது. மாட்டியபடியே நின்றார்.

"தூக்கம் வருதாடா?"

"வருது."

"இன்னும் ஒரு மணி நேரம் தாங்குவியா?"

"எதுக்கு?"

"பாசேஜ்ல அந்தப் பெட்டிகிட்ட நாற்காலி போட்டு உட்காரு. இவ வேலை முடியுற வரைக்கும் யாரும் சுவிட்சுல கை வைக்கக் கூடாது. பொறுப்பு உன்னோடது."

ஆல்பின் அப்பாவையும் அவர் தோளில் தொங்கும் தன் பையையும் பார்த்தான். பிறகு உள்ளே வந்தான். நாற்காலியை இழுத்துக்கொண்டு பாசேஜ் பக்கம் போனவன் பாதியில் நின்றான்.

"யாராவது வந்து கை வச்சா?"

"தட்டி விடு."

"அது நீங்களா இருந்தா?"

கிறிஸ்துதாஸ் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"முதல்ல தட்டு. அப்புறம் யாருன்னு பாரு."